மீண்டும் தட்ட வேண்டிய கதவு

வணிக மேலாண்மைப் பாடநூல்களில் விற்பனைக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. வாடிக்கையாளரைக் கண்டறிதல், அணுகுதல், பொருளை விளக்குதல், மறுப்புகளுக்கு விடையளித்தல், விற்பனையை முடித்தல், பின்தொடர்தல் என்று அது படிப்படியாகச் செல்லும். இவற்றை வரிசை மாறாமல் எழுதும் மாணவருக்குத் தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே மாணவர், பையில் நான்கு எண்ணெய்ப் புட்டிகளுடன் முன்பின் தெரியாத ஒரு வீட்டின் முன் நிற்கிறார். கதவு ஒரு சாண் திறக்கிறது. "என்னப்பா வேணும்?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கணத்தில் பாடநூலின் ஒரு வரிகூட அவர் நினைவுக்கு வருவதில்லை.

அண்மைக்காலமாகப் பல கல்லூரிகள் வணிக நிர்வாக மாணவர்களைக் களப்பயிற்சி என்ற பெயரில் வீடுவீடாகச் சென்று பொருள் விற்க அனுப்புகின்றன. பெற்றோர் சிலருக்கு இது வருத்தம் தருகிறது. "பட்டப்படிப்புக்குப் பணம் கட்டிச் சேர்த்த பிள்ளையைத் தெருவில் சோப்பு விற்க வைக்கிறீர்களே" என்று கேட்கிறார்கள். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில், இப்பயிற்சி தேவை என்றே கருதுகிறேன். ஆனால், பெற்றோரின் கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. பிள்ளை கற்கிறதா, அல்லது யாரோ ஒருவருடைய சரக்கைக் கூலியின்றிச் சுமக்கிறதா என்பதுதான் அக்கேள்வியின் உட்பொருள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பயிற்சி வடிவமைக்கப்படும் விதத்தில் இருக்கிறது.

முதலில், இப்பயிற்சி எதற்காக என்பதைப் பார்ப்போம். மேலாண்மைப் பட்டம் பெற்று வெளியே வரும் இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் முதல் வேலை விற்பனைதான். உறவு மேலாளர், வணிக மேம்பாட்டு அலுவலர் என்றெல்லாம் பதவிப் பெயர் இருக்கும். காலையில் ஓர் இலக்கைக் கொடுப்பார்கள், மாலையில் அதை எட்டியாயிற்றா என்று கேட்பார்கள். வங்கியோ காப்பீடோ வீட்டுமனையோ, வேலையின் சாரம் ஒன்றே. இதற்குத் தயாரில்லாமல் போகும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே மனம் ஒடிந்து திரும்புவதைக் காண்கிறோம். மறுப்பை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் சம்பளம் தரும் அலுவலகமாக இருப்பதைவிட, ஆசிரியர் உடனிருக்கும் ஒரு தெருவாக இருப்பது நல்லது.

மாணவர்களை விற்பனைக்கு அனுப்பும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1855-இல் தொடங்கப்பட்ட சவுத்வெஸ்டர்ன் என்ற பதிப்பு நிறுவனம், 1868 முதல் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வீடுதோறும் நூல் விற்க அனுப்பியது. படிப்புச் செலவை அவர்களே ஈட்டிக்கொள்ளலாம் என்பது அன்றைய அழைப்பு. இன்றும் அந்நிறுவனம் இம்முறையைத் தொடர்கிறது. அம்மாணவர்கள் ஊழியர்களாகக் கருதப்படுவதில்லை. தற்சார்பு ஒப்பந்ததாரர்கள் அவர்கள். விற்றால் வருவாய், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டைப் போற்றுவோரும் உண்டு, கடுமையாகக் குறை கூறுவோரும் உண்டு.

விற்பனைப் பேச்சை மனப்பாடம் செய்ய வைக்கும் முறைக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. பணப்பதிவு இயந்திரங்களை விற்ற நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் ஜான் பேட்டர்சன், 1887-இல் தம் விற்பனையாளர்களுக்கென ஒரு கையேட்டை உருவாக்கினார். எங்கே நிற்க வேண்டும், எதை எப்போது சுட்டிக்காட்ட வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. இன்றைய நிறுவனங்கள் பயிற்சியாளர்களிடம் கொடுக்கும் 'ஸ்கிரிப்ட்' இந்தக் கையேட்டின் வழித்தோன்றல்தான்.

கதவைத் தட்டுவோரின் தொல்லை பெருகியபோது சட்டமும் வந்தது. வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் என்ற சிற்றூர், வீட்டுக்காரர் அழைக்காமல் விற்பனையாளர் வரக் கூடாது என்று 1931-இல் விதி வகுத்தது. அமெரிக்க நகரங்கள் பலவும் அதைப் பின்பற்றின. வீட்டுக்கு வந்து விற்ற பொருளை மூன்று வேலை நாள்களுக்குள் வேண்டாமென்று ரத்து செய்யும் உரிமையை அந்நாட்டு வணிக ஆணையம் 1972-இல் வகுத்த விதி நுகர்வோருக்கு அளித்தது. ஒருவர் தம் வாசலில் நெருக்கடிக்கு உள்ளாகி வாங்குவதை முழு மனதுடன் வாங்கியதாகக் கொள்ள முடியாது என்பதே அவ்விதியின் அடிப்படை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வீடுதேடிச் சென்று விற்று வென்றவர்களின் கதைகளை மாணவர்களிடம் ஊக்கவுரையாகச் சொல்வது வழக்கம். குஜராத்தில் அரசு ஆய்வகப் பணியில் இருந்த கர்சன்பாய் படேல், 1969-இல் தாமே தயாரித்த சலவைத் தூளை மிதிவண்டியில் வைத்து வீடுவீடாக விற்றார். அதுவே நிர்மா ஆயிற்று. கடலூரிலிருந்து 1983-இல் சிறு முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், ஊர் ஊராகச் சிறுவர்களுக்குத் தலை அலசிக் காட்டிச் சந்தையை உருவாக்கினார். யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-இல் தொடங்கியபோது தூசு உறிஞ்சும் கருவி என்பது நம் இல்லங்கள் அறியாத பொருள். கடையில் வைத்தால் யாரும் சீந்தமாட்டார்கள் என்பதால், கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர்கள் வீட்டுக்கே வந்து மெத்தையிலும் திரைச்சீலையிலும் இயக்கிக் காட்டினார்கள்.

இக்கதைகளை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதோடு நிறுத்தினால் மாணவர் கற்பது மிகக் குறைவு. இவற்றின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தம் கால்களால் போட்டுப் பார்க்கும்போதுதான் அது புரிகிறது.

ஒரு மாணவர் ஒரு முற்பகலில் நாற்பது கதவுகளைத் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து திறக்கின்றன. ஆறு பேர் நின்று கேட்கிறார்கள். இருவர் வாங்குகிறார்கள். ஒரு புட்டியில் ஆதாயம் 30 ரூபாய் என்றால், மூன்று மணி நேர உழைப்புக்கு 60 ரூபாய். பேருந்துக் கட்டணமும் ஒரு தேநீரும் போனால் மிச்சம் என்னவென்று அவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். 'இடைத்தரகர்களை ஒழித்தால் பொருளின் விலை பாதியாகும்' என்று வகுப்பில் உரக்கப் பேசிய மாணவர்கள், இந்த ஒரு முற்பகலுக்குப் பிறகு பெட்டிக்கடைக்காரரின் ஆதாயத்தைக் கொள்ளை என்று சொல்வதில்லை. நாற்பது வீட்டுக்காரர்களும் தாமாக நடந்து வரும் ஓர் இடத்தை அவர் காலை முதல் இரவு வரை திறந்து வைத்திருக்கிறார். அதற்கான கூலிதான் அந்த ஆதாயம்.

இக்கணக்கு நேராக வேண்டுமானால் வழிகள் சிலவே. பொருளின் விலையும் ஆதாயமும் உயர்ந்ததாக இருந்தால், பல கதவுகளில் கிடைக்கும் மறுப்புக்கான செலவை ஒரு விற்பனையே தாங்கும். யுரேகா ஃபோர்ப்ஸ் சென்ற வழி அதுதான். விலை குறைவென்றால், வாங்கியவர் மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும், அல்லது விற்பவர் அந்த ஊரிலேயே வாழ்பவராக இருக்க வேண்டும். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டையொட்டி அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியபோது, விநியோக வண்டி போய்வரக் கட்டுப்படியாகாத சிற்றூர்களில் அங்குள்ள சுய உதவிக் குழுப் பெண்களையே விற்பனையாளர்களாக்கியது. அந்தப் பெண்ணுக்கு வாடிக்கையாளரைத் தேடிச் செல்லும் செலவு இல்லை. அவர் ஏற்கெனவே அந்தத் தெருவில்தான் இருக்கிறார்.

நம் தெருக்களில் இதைப் பெருநிறுவனங்களுக்கு முன்பே செய்தவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் வரும் கீரைக்காரம்மாவை எண்ணிப் பாருங்கள். நேற்றுக் கொடுத்த முருங்கைக்கீரையில் பூச்சி இருந்ததென்று சொன்னால், இன்று ஒரு கட்டைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போவார். கொசுறாகக் கொத்துமல்லி தருவார். சில்லறை இல்லையென்றால் நாளைக்கு வாங்கிக்கொள்வார். இந்த நேர்மைக்கு அவருடைய நற்குணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நாளைக் காலையில் அவர் இதே கதவுக்கு வந்தாக வேண்டும். பாத்திரமும் சேலையும் தவணைக்குக் கொடுத்துவிட்டு வாரந்தோறும் வசூலுக்கு வரும் தவணைக்காரரும் இந்த வகையினரே. அவருடைய விலையில் வட்டி ஒளிந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், கிழிந்த சேலையைக் கொடுத்துவிட்டு அவர் ஒளிந்துகொள்ள முடியாது. அட்டையில் இன்னும் பத்து வாரத் தவணை பாக்கியிருக்கிறது.

ஒரு முறை மட்டும் வந்து போகும் விற்பனையாளருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. "இன்று மட்டும்தான் இந்த விலை", "பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கினார்கள்" என்பன போன்ற பேச்சுகள் அவரிடமிருந்து எளிதில் வருகின்றன. இலக்கை மட்டும் கொடுத்து மாணவரை ஊர் தெரியாத பகுதியில் இறக்கிவிடும் பயிற்சி, இந்தப் பேச்சைத்தான் கற்றுக்கொடுக்கிறது. விற்பனையை 'முடிப்பது' எப்படி என்று சொல்லித்தரும் எவரும், முடித்த மறுவாரம் அந்த வீட்டு வாசலில் என்ன பேசுவது என்று சொல்லித்தருவதில்லை.

எங்கள் துறையில் இப்பயிற்சியை மூன்று வருகைகளாக வகுத்திருக்கிறோம். கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள தெருக்கள். அருகிலுள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் செக்கு எண்ணெய், சத்துமாவு, ஊறுகாய். முதல் வருகையில் எதையும் விற்கக் கூடாது. இன்னார், இன்ன கல்லூரி, இன்ன பொருள் என்று சொல்லி, மறுபடி வரலாமா, எப்போது வரலாம் என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டாம் வருகையில் விற்பனை. இரண்டு வாரம் கழித்து, பொருளைப் பயன்படுத்திய பிறகு, மூன்றாம் வருகை.

முதல் வருகைக்கு அனுமதி மட்டும் கேட்கச் சொல்வது மரியாதைக்காக மட்டுமன்று. மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் நுகர்வோரின் இடத்துக்குச் செல்லக் கூடாது என்கின்றன. தாம் யார், எந்த நிறுவனம், எதற்காக வந்திருக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றும் கூறுகின்றன. இவ்விதிகள் நேரடி விற்பனை நிறுவனங்களுக்கும் அவற்றின் விற்பனையாளர்களுக்கும் வகுக்கப்பட்டவை. ஒரு கல்லூரிப் பயிற்சி அவற்றின் வரம்புக்குள் வந்தாலும் வராவிட்டாலும், நாளை அத்துறையில் வேலைக்குச் செல்லும் பிள்ளை அந்த ஒழுங்கை இப்போதே பழகிக்கொள்வதில் என்ன இழப்பு?

முதல் இரண்டு நாள்களில் மாணவர்கள் கற்பது பெரும்பாலும் உடல் சார்ந்தது. அழைப்புமணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்வாங்கி நிற்க வேண்டும்; கதவை ஒட்டி நின்றால் திறப்பவர் அஞ்சுவார். இரண்டாம் முறை மணியடிக்குமுன் பொறுத்திருக்க வேண்டும். கைப்பேசி சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். பிறகு நேரம். காலை ஒன்பது மணிக்கு எந்த வீட்டுக் கதவும் பொறுமையாகத் திறக்காது; பிள்ளைகளும் பெரியவர்களும் கிளம்பிய பிறகு, பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை திறக்கும். மதியம் உறங்கும் நேரம். விளக்கு வைத்த பிறகு பணம் கொடுக்கப் பல வீடுகளில் தயங்குவார்கள், அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். மாதத்தின் முதல் பத்து நாள்களுக்கும் கடைசிப் பத்து நாள்களுக்கும் உள்ள வேறுபாடு எந்தச் சந்தை ஆய்வு நூலைக் காட்டிலும் தெளிவாக அந்தத் தெருவில் தெரியும்.

அடுத்தது காது. நம் வீடுகளில் 'வேண்டாம்' என்று நேராகச் சொல்வது அரிது. "அவர் வீட்டில் இல்லை" என்பார்கள். "இப்போதான் வாங்கினோம்", "அப்புறம் வாப்பா" என்பார்கள். இவை மூன்றும் ஒன்றல்ல. "இப்போதான் வாங்கினோம்" என்றால் எங்கே, என்ன விலைக்கு என்று கேட்டு ஓர் உரையாடலைத் தொடரலாம். "அவர் இல்லை" என்பது சில வீடுகளில் மெய்யாகவே செலவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணிடம் இல்லை என்று பொருள்படும். சில வீடுகளில் அது நாகரிகமான மறுப்பு. குரலைக் கேட்டே பிரித்தறிய வேண்டும். மறுப்புகளை வகைப்படுத்தி எழுதும் குறிப்பேட்டை ஒவ்வொரு மாணவரும் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. விற்ற கணக்கைவிட அந்தக் குறிப்பேட்டைத்தான் நான் ஆவலுடன் வாசிக்கிறேன்.

மூன்றாம் வருகையின் பயனைச் சொல்ல ஒரு நிகழ்வு போதும். செக்குக் கடலை எண்ணெய் வாங்கிய ஓர் இல்லத்தரசி, வடை சுடும்போது எண்ணெய் பொங்கி நுரைக்கிறது என்றும், கலப்படமோ என்று ஐயமாக இருக்கிறது என்றும் மாணவியிடம் கூறினார். மாணவிக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி, கேட்டு வருவதாகத் திரும்பினார். சுத்திகரிக்காத எண்ணெயில் கசடும் ஈரப்பதமும் இருந்தால் நுரைக்கும் என்றும், வெயிலில் வைத்துத் தெளியவிடும் நாள்களை மழைக்காலத்தில் குறைத்துவிட்டதாகவும் குழுவினர் விளக்கினர். மாணவி அதை அப்படியே சென்று சொன்னார். அந்த வீட்டில் மறுபடியும் எண்ணெய் வாங்கினார்கள். குழுவும் அடுத்த முறை கூடுதல் நாள்கள் தெளியவிட்டது. தரக்கட்டுப்பாடு, வாடிக்கையாளர் கருத்து, நம்பகத்தன்மை என்று மூன்று தனித்தனிப் பாடங்களாக நாங்கள் நடத்துபவை அந்தப் பெண்ணின் இரண்டு நடையில் அடங்கியிருந்தன.

இனி, வாசலில் நிகழும் விரும்பத்தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். "எந்த ஊரு தம்பி? எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விகள் அன்பாலும் கேட்கப்படலாம். ஆனால், விடை வந்தவுடன் திண்ணையில் உட்காரச் சொன்னவரின் முகம் மாறுவதையும், நீட்டிய தண்ணீர்ச் செம்பு தயங்குவதையும் மாணவர்கள் கண்டிருக்கிறார்கள். உணவுப் பொருள் விற்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. அத்தகைய வீட்டில் விற்கத் தவறிய மாணவரை 'திறன் போதாது' என்று மதிப்பிடும் பயிற்சி அநீதியானது. ஒரே இலக்கை எல்லோருக்கும் வைத்து, விற்ற எண்ணிக்கைக்கு மதிப்பெண் வழங்கும் முறையில் இந்த அநீதி கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. விற்பனை எண்ணிக்கைக்கு மதிப்பெண் கூடாது என்று நான் வலியுறுத்த இதுவே முதற்காரணம்.

மாணவியர் விஷயத்தில் சில கல்லூரிகள் அவர்களை அனுப்பவே மறுக்கின்றன. அது பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு வாய்ப்பைப் பறிப்பது. இருவராகச் செல்லுதல், பகலில் மட்டும் செல்லுதல், எந்த அழைப்புக்கும் வாசற்படியைத் தாண்டாதிருத்தல், தெருமுனையில் ஆசிரியர் ஒருவர் நிற்றல் ஆகிய ஏற்பாடுகள் போதும். இவை மாணவர்களுக்கும் பொருந்தும்.

நிறுவனங்களுடன் கல்லூரிகள் செய்துகொள்ளும் உடன்பாடுகளில்தான் என் கவலை மிகுதி. பயிற்சிச் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லி, ஒரு மாதம் முழுவதும் பிள்ளைகளை இலக்கோடு அலையவிட்டு, ஆதாயத்தில் ஒரு பைசாவும் தராத நிறுவனங்கள் உள்ளன. இன்னும் சில, பொருளை விற்பதைவிட ஆள் சேர்ப்பதையே முதன்மையாகக் கற்பிக்கின்றன. நண்பர்கள் நால்வரைச் சேர்த்தால் இவ்வளவு, அவர்கள் நால்வரைச் சேர்த்தால் அவ்வளவு என்று பலகையில் கூம்பு வரைகிறார்கள். பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; 2021-ஆம் ஆண்டு விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. ஆயினும், அந்தக் கூம்பு கல்லூரிக் கருத்தரங்க அறை வரை வந்துவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கும் பிள்ளை, கல்லூரியே அழைத்து வந்தவர் என்பதால் நம்பி, சித்தப்பாவிடமும் அத்தையிடமும் பணம் வாங்கிக் கட்டிவிடுகிறது. பிறகு அந்த உறவினர் வீட்டுக் கதவை அதனால் தட்ட முடிவதில்லை.

கல்லூரி முதல்வர்கள் உடன்பாட்டில் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை எளியவை. மாணவர் எந்தப் பணமும் முன்கூட்டிக் கட்டக் கூடாது. விற்காத பொருளை நிறுவனம் திரும்பப் பெற வேண்டும். விற்ற பொருளுக்கான ஆதாயத்தில் பங்கு, எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். பொட்டலத்தின் மீது தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும்; பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் இவற்றைக் கோருகின்றன. உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவெண்ணும் வேண்டும். இவற்றைச் சரிபார்க்கும் வேலையை நாங்கள் மாணவர்களிடமே கொடுத்துவிடுகிறோம். முதல் முறை அவர்கள் குழுவின் சத்துமாவுப் பொட்டலத்தை ஆராய்ந்தபோது, தயாரித்த மாதம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த வாரம் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. குழுப் பெண்களுடன் அமர்ந்து, மாதத்தைப் பதிக்கும் ரப்பர் முத்திரை ஒன்றைச் செய்வித்து, இருந்த பொட்டலங்கள் அனைத்திலும் குத்தி முடித்த பிறகே தெருவுக்குப் போனார்கள்.